இரண்டாவது மெழுகுவர்த்தி

தமிழ்நாட்டில் மிக அதிகமான பேர் கண்ணால் பார்த்திருக்கிற ரசாயனப் பரிசோதனை எது என்று யாராவது என்னைக் கேட்டால், தயங்காமல் 'ஆரத்தி' என்று சொல்லிவிடுவேன். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர். அதில் கொஞ்சம் மஞ்சள் பொடி. பிறகு விரல் நுனியில் எடுத்த துளி சுண்ணாம்பு. மஞ்சளாக இருந்த தண்ணீர் ஒரு நொடியில் ரத்தச் சிவப்பாக மாறிவிடுகிறது. மணமக்களுக்குச் சுற்றுகிறோம், குழந்தையோடு பிறந்த வீட்டிலிருந்து வருகிற மருமகளுக்குச் சுற்றுகிறோம். சுற்றி முடித்ததும் வாசலில் கொட்டிவிடுகிறோம். அந்தச் சிவப்பு நீரோடு ஒரு நல்ல கேள்வியையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும்.

மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் வெளிர் மஞ்சள் அல்லவா வர வேண்டும்? சிவப்பு எங்கிருந்து வந்தது?

மஞ்சளுக்குள் இருக்கிற ஒரு சாயப் பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும், புளிப்பைக் கண்டால் மறுபடியும் மஞ்சளாகிவிடும். இங்கே காரம் என்பது மிளகாயின் காரம் அல்ல. சுண்ணாம்பு, சோப்பு, சலவைச் சோடா ஆகியவற்றுக்கு உள்ள குணத்தை ரசாயனக்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் சிவப்பு ஓடிப் போய்ப் பழைய மஞ்சள் வந்துவிடும். மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவந்து பயமுறுத்துவதும், அலசிய பிறகு பழைய நிறத்துக்கே திரும்புவதும் இதே சமாசாரம்தான். சங்குப் பூவையும் செம்பருத்தியையும் வெந்நீரில் போட்டு வைத்தாலும் இப்படி நிறம் மாற்றி விளையாடலாம்.

இவ்வளவும் நம் அடுக்களையிலும் கொல்லையிலும் இருக்கிறது. ஆனால் ரசாயனம் என்றதும் நம் பிள்ளைகளின் முகம் ஏன் சுருங்குகிறது? அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் எதிர் வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். பரீட்சை நெருங்கிவிட்டால் வாசல் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். ஒரு நாள் மாலை, "கரியமில வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால் போல மாற்றும், கரியமில வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால் போல மாற்றும்" என்று அவள் ஜபம் செய்து கொண்டிருந்தாள். புத்தகத்தில் 'கார்பன் டை ஆக்ஸைடு' என்றுதான் இருந்தது. அவளுடைய பாட்டி பழைய பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டு 'கரியமில வாயு' என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"சுண்ணாம்பு நீரைப் பார்த்திருக்கிறாயா, அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை, தாத்தா."

"பள்ளிக்கூடத்தில் செய்து காட்டவில்லையா?"

"படம் போட்டுக் காட்டினாங்க."

அவளுடைய பாட்டிக்கு வெற்றிலை போடும் வழக்கம் உண்டு. வெற்றிலைப் பெட்டியிலிருந்து இரண்டு விரற்கடை சுண்ணாம்பு கடன் வாங்கினோம். ஒரு பாட்டில் தண்ணீரில் அதைக் கலக்கி, மூடி போட்டு இரவு முழுவதும் அசையாமல் வைத்தோம். காலையில் சுண்ணாம்பு அடியில் தங்கி, மேலே கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் நின்றது. அதை மெல்ல ஒரு டம்ளரில் இறுத்துக்கொண்டு, குளிர்பானம் குடிக்கிற குழாய் ஒன்றை அவளிடம் கொடுத்தேன். "ஊத வேண்டும், மறந்து போய் உறிஞ்சிவிடாதே. வாய் வெந்துவிடும்" என்று எச்சரித்தேன்.

ஊதினாள். ஐந்தாறு மூச்சுக்குள் தண்ணீர் மங்கியது. பிறகு வெளுத்தது. பிறகு உண்மையாகவே நீர் மோர் போல ஆகிவிட்டது.

அந்தப் பெண் டம்ளரைப் பார்க்கவில்லை. தன் மூச்சு வந்த குழாயின் நுனியைப் பார்த்தாள். "இது என்கிட்டேயிருந்தா வந்தது?" என்றாள். நூறு தடவை ஜபித்த வாக்கியத்தில் 'கரியமில வாயு' என்பது ஏதோ ஒரு குப்பியில் அடைத்து வைத்த வஸ்துவாகத்தான் அவளுக்கு இருந்திருக்கிறது. தன் நெஞ்சுக்குள்ளிருந்தே அது வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவும் அதே புத்தகத்தில் வேறொரு பாடத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பாடமும் இந்தப் பாடமும் அதுவரை ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெட்டிக் கடையிலிருந்து ஒரு சோடா வாங்கிவரச் சொன்னேன். தித்திப்பில்லாத வெறும் சோடா. அதில் அழுத்தி அடைத்திருப்பதும் அதே கரியமில வாயுதான். புதிதாக எடுத்த தெளிந்த சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாவை விட்டாள். எதிர்பார்த்தபடியே வெளுத்தது. "இன்னும் விடு" என்றேன். விட விட, அந்த வெள்ளை கலைந்து, தண்ணீர் மறுபடியும் தெளிந்துவிட்டது.

அவள் முகத்தில் கலக்கம். "தாத்தா, தப்பாப் போச்சு!"

தப்பாகப் போகவில்லை. வெள்ளையாகத் தெரிந்தது சுண்ணாம்புக் கல்லின் நுண்ணிய துகள். தண்ணீரில் அது எளிதில் கரையாது. ஆனால் கரியமில வாயு தாராளமாக இருக்கிற தண்ணீரில் அது வேறொரு உப்பாக மாறிக் கரைந்து போகிறது. அந்தத் தெளிந்த நீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டோம். வாயு வெளியேறியது, வெள்ளை திரும்பி வந்தது. அவர்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைக் காட்டி, "உங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் தினமும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கிறது" என்றேன். பெரிய சுண்ணாம்புக் குகைகளில் விழுதுகள் போலத் தொங்குகிற கல்லும் இதே விதியால் உண்டானதுதான். மழை நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு பாறையைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது வாயுவை விட்டுவிட்டுக் கல்லை அங்கே வைத்துவிட்டுப் போகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் நாளாக நாளாக இறுகுவதும் காற்றிலுள்ள அந்த வாயுவை வாங்கிக்கொள்வதால்தான்.

எல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் அவள் கேட்ட கேள்வி இது: "பரீட்சையிலே பால் போல மாறும்னு எழுதணுமா, தெளிஞ்சுடும்னு எழுதணுமா?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் அவளுக்கு அமைத்துக் கொடுத்த உலகம் அது.

இப்படி ஒரு சாதாரணப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தையே விளக்க முடியும் என்று காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. அவருடைய கதை தெரிந்த கதைதான். ஆனால் அதில் ஒரு பகுதியை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். 1791-ல் பிறந்தவர். தகப்பனார் கொல்லர். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் பிரித்துப் படிப்பார். அவற்றில் ஒன்று 1806-ல் பெயர் போடாமல் வெளிவந்த ரசாயன உரையாடல் நூல். அதை எழுதியவர் ஜேன் மார்ஸெட் என்ற பெண்மணி. ஓர் ஆசிரியை இரண்டு சிறுமிகளுக்குப் பேச்சு வாக்கில் ரசாயனம் கற்பிப்பது போல எழுதிய நூல். கல்லூரிக் கதவு பெண்களுக்குத் திறக்காத காலத்தில் ஒரு பெண் எழுதிய புத்தகம், பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு பையனை ரசாயனத்துக்கு இழுத்தது. புத்தகத்தில் படித்தவற்றைத் தன்னால் இயன்ற அளவு செய்து பார்த்து, அது உண்மை சொல்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஃபாரடே அதை நம்பினார். நாம் விட்டுவிடுகிற பகுதி இதுதான்.

1812-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஸர் ஹம்ஃப்ரி டேவி செய்த சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, அழகாக பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். 1813-ல் அங்கேயே உதவியாளராகச் சேர்ந்தார். பின்னால் அதே மேடையில் தாமே நின்று பேசினார். சிறுவர் சிறுமியருக்காக 1825-ல் அங்கே தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நின்றது தவிர, இன்றளவும் நடக்கின்றன. ஃபாரடே மட்டும் 19 வரிசைகள் நிகழ்த்தினார். அவற்றில் பேர் பெற்றது ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியது. 1848-லும் 1860-லும் அதே மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு பேசினார். 1861-ல் அது புத்தகமாக வந்தது.

அவர் செய்து காட்டியவற்றில் ஒன்றை நம் வீட்டிலேயே பார்க்கலாம். எரிகிற மெழுகுவர்த்தியை அணைத்ததும் திரியிலிருந்து ஒரு வெள்ளைப் புகை எழும். அந்தப் புகையில் நெருப்பைக் காட்டினால், தீ அதன் வழியே குதித்து இறங்கித் திரியை மறுபடி பற்ற வைத்துவிடும். எரிவது திரியும் அல்ல, கட்டி மெழுகும் அல்ல. மெழுகு உருகி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைக் காட்டினால் அதில் நீர்த்துளி படியும். நெருப்பிலிருந்து தண்ணீர்! கடைசியில், மெழுகுவர்த்தி எரிவதும் மனிதன் மூச்சு விடுவதும் ஒரே மாதிரியான காரியம் என்று முடிப்பார். எதிர் வீட்டுப் பெண் குழாயின் நுனியைப் பார்த்தாளே, அந்தப் பார்வையை உண்டாக்குவதற்காக ஃபாரடே ஆறு சொற்பொழிவு செய்தார்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட உபாத்தியாயர்கள் இருந்திருக்கிறார்கள். பிரபுல்ல சந்திர ரே 1889-ல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் சேர்ந்தார். பேர் பெற்ற ஆராய்ச்சியாளராக ஆன பிறகும், முதல் வருஷப் பையன்களுக்குப் பாடம் எடுப்பதை அவர் விரும்பினார். பானை செய்கிற மண் அங்கேதான் ஈரமாக இருக்கிறது என்று நினைத்தார் போலும். மாட்டெலும்பிலிருந்து மருந்துக்கு வேண்டிய உப்பைத் தயாரிக்க, மொட்டை மாடியில் எலும்பைக் காயப்போட்டு அக்கம்பக்கத்தாரின் வாயில் விழுந்தவர் அவர். வகுப்பில் எரிந்த எலும்பின் சாம்பலை மாணவர் முன்னே வாயில் போட்டுக் காட்டுவார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். சுத்தமாக எரிந்த பிறகு அது ஒரு உப்பு. அதற்கு மாடும் கிடையாது, மனிதனும் கிடையாது, ஜாதியும் கிடையாது. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் அப்படி ஒரு பிடி சாம்பலை நாக்கில் வைத்துக்கொள்வது ரசாயனத்துக்கும் அப்பால் போகிற பாடம்.

ஆனால் பரிசோதனை செய்து காட்டிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் நான் இந்தக் கட்டுரைக்கு வைத்த தலைப்புக்கு வருகிறேன்.

1966-ல் காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊரில் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ரசாயன வாத்தியார் செய்து காட்டுவதில் ஆசையுள்ளவர். ஒரு நாள் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தியை நிறுத்திப் பற்ற வைத்து, ஒரு கண்ணாடி டம்ளரை அதன் மேல் கவிழ்த்தார். சிறிது நேரத்தில் சுடர் அணைந்தது. தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. "பார்த்தீர்களா? காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அதை மெழுகுவர்த்தி தின்றுவிட்டது. காலியான இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது" என்றார். புத்தகத்திலும் அப்படியே இருந்தது. நாங்களும் எழுதிக்கொண்டோம்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவருடைய மகன். விளக்கோடு வளர்ந்தவன். இடைவேளையில் அவன் வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, அதே தட்டில் இரண்டு மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அதே டம்ளரைக் கவிழ்த்தான். தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறியது. மூன்று வைத்தான், இன்னும் ஏறியது.

மணி அடித்து வாத்தியார் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, "ஸார், டம்ளர் அதேதான். காத்தும் அதேதான். பிராணவாயு எப்படி ஸார் ஜாஸ்தியாச்சு?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "உட்கார்" என்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை செய்" என்றார். அவன் செய்தான். அவர் குனிந்து, கண்ணை டம்ளருக்கு நேரே வைத்துப் பார்த்தார். பிறகு, "நாளைக்குச் சொல்கிறேன்" என்று வேறு பாடத்துக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது மறுநாள் அல்ல, நான்கு நாள் கழித்து. வீட்டில் மனைவி மக்களை வைத்துக்கொண்டு இருபது தடவையாவது செய்து பார்த்திருப்பார் போலிருக்கிறது. கரும்பலகையில் எதுவும் எழுதாமல் எங்களை மேஜையைச் சுற்றி நிற்கச் சொன்னார். "இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு, தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். எரியும்போதா, அணைந்த பிறகா?"

குமிழி வந்தது. தண்ணீர் எரியும்போது ஏறாமல், அணைகிற தறுவாயில்தான் விறுவிறு என்று ஏறியது.

"பிராணவாயு குறைவதுதான் காரணம் என்றால், எரிகிற நேரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏற வேண்டும்?" என்றார் அவர். சுடரின் சூட்டில் காற்று விரிகிறது. விரிந்த காற்றில் ஒரு பகுதி டம்ளருக்கு வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது. மெழுகுவர்த்தி அதிகமானால் சூடு அதிகம். வெளியேறும் காற்றும் அதிகம். உண்மையில் டம்ளருக்குள் பிராணவாயு முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. தின்ற பிராணவாயுவுக்குப் பதிலாகக் கரியமில வாயுவும் வந்து சேருகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்று அன்று வந்தது டம்ளரும் வர்த்தியும் ஒத்துப் போனதால் வந்த தற்செயல்.

"பதினோரு வருஷமாக நான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது சரியில்லை" என்றார் வாத்தியார். சாதாரணமாகத்தான் சொன்னார், சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. ஒரு வாத்தியார் அப்படிச் சொல்லி அதற்கு முன்னால் நாங்கள் கேட்டதில்லை.

"அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு என்பது பொய்யா, ஸார்?" என்று ஒருவன் கேட்டான்.

அதற்கும் அவர் தயாராக வந்திருந்தார். கொல்லுப் பட்டறையிலிருந்து அரத்தூள் வாங்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு நீண்ட சோதனைக் குழாயின் அடியில் ஒட்டும்படி தூவினார். குழாயைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி, வெளியே ஐந்து சம பாகமாகக் காகிதக் குறி ஒட்டினார். அலமாரியின் மேல் வைத்துவிட்டு, "யாரும் தொடக் கூடாது" என்றார். இரும்பு துருப் பிடிப்பதும் ஒருவகை எரிதல்தான். ஆனால் சூடு தெரியாமல், நிதானமாக நடக்கிற எரிதல். துரு பிராணவாயுவை எடுத்துக்கொண்டு வாயு எதையும் திருப்பித் தருவதில்லை. நான்காம் நாள் தண்ணீர் முதல் குறிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. இரண்டு மடங்கு தூள் போட்ட குழாயிலும் அதே இடத்தில்தான் நின்றது.

விடை சரிதான், புத்தகம் போன வழிதான் தவறு. சரியான விடையைத் தவறான வழியில் அடைந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றிப் பார்க்கிற பையனுக்குத்தான் நஷ்டம். அவன் தன் கண் பார்த்ததை நம்புவதா, புத்தகம் சொன்னதை நம்புவதா என்று திகைக்கிறான். பெரும்பாலான பையன்கள் கண்ணை விட்டுவிட்டுப் புத்தகத்தோடு போய்விடுகிறார்கள். அவர்கள்தான் மார்க்கு வாங்குகிறார்கள்.

எங்கள் பையன் போகவில்லை. அரையாண்டுப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. அவன் குமிழியையும் குளிர்ச்சியையும் எழுதினான். விடைத்தாளை வேறொரு பிரிவு ஆசிரியர் திருத்தினார். ஐந்துக்குப் பூஜ்யம். எங்கள் வாத்தியார் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனதை நாங்கள் பார்த்தோம். உள்ளே என்ன பேசினார்கள் என்பது தெரியாது. "புத்தகத்தைத் திருத்த நாம் யார், ஐயா?" என்ற குரல் மட்டும் வராந்தா வரை கேட்டது. பிறகு அவர் தட்டு, டம்ளர், மெழுகுவர்த்தி சகிதம் மறுபடி உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். அந்தத் தாளில் பூஜ்யத்தை அடித்து, ஐந்து என்று பச்சை மையில் எழுதியிருந்தது. பச்சை மை தலைமையாசிரியருடையது.

அந்தப் பையன் பெரிய விஞ்ஞானி ஆனான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அவன் ஆகவில்லை. பள்ளி இறுதியோடு நிறுத்திவிட்டு, மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்தான். வயலில் பம்புசெட் ஓடவில்லை என்றால் சுற்று வட்டாரத்தில் அவனைத்தான் தேடுவார்கள். மற்றவர்கள் "காயில் போய்விட்டது" என்று கேட்ட மாத்திரத்தில் பிரித்துவிடுவார்கள். அவன் முதலில் ஒயரைத் தொட்டுப் பார்த்து, ஃபியூஸைக் கழற்றிப் பார்த்து, பிறகுதான் மோட்டாரின் மேல் கை வைப்பான். ஏழை விவசாயிக்கு எத்தனையோ தடவை காயில் செலவு மிச்சமாகியிருக்கிறது. ரசாயனப் பாடம் அவனுக்கு ரசாயனத்தைக் கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றைக் கொடுத்தது என்றுதான் நினைக்கிறேன்.

இது ஒரு வாத்தியாரின் நல்ல குணத்தைப் பொறுத்த விஷயம், நாடு முழுவதும் நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்று ஒரு மாவட்டம்; இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாறிவிட்டது. 1972-ல் அங்கே 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, செய்து பார்த்தே விஞ்ஞானம் படிக்கும் முறையை ஆரம்பித்தார்கள். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள் முன்னின்றன. பெரிய ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்தும் டில்லிப் பல்கலைக் கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். 1978-ல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-ல் ஏகலவ்யா என்ற நிறுவனம் உண்டாகிப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அங்கே பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். கையால் செய்து காட்டவும் வேண்டும். புத்தகத்தில் விடை இருக்காது, கேள்விதான் இருக்கும். சந்தேகம் வந்தால் குழந்தைகள் 'சவாலிராம்' என்பவருக்குக் கடிதம் எழுதலாம், பதில் வரும். சவாலிராம் என்று ஒருவர் கிடையாது, கற்பனை மனிதர். கதை எழுதுகிறவனான எனக்கு, இவ்வளவு பயனுள்ள கதாபாத்திரத்தை நாம் யாரும் படைக்கவில்லையே என்று பொறாமை உண்டு.

முப்பது ஆண்டுகள் நடந்த அந்த முயற்சியை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே பரீட்சை என்ற எண்ணம்தான் வென்றது.

பரிசோதனை என்றால் ஆபத்து அல்லவா என்று பெற்றோர்கள் அஞ்சுவதிலும் நியாயம் இருக்கிறது. 1813-ல் டேவியோடு வேலை செய்தபோது நைட்ரஜன் குளோரைடு வெடித்து ஃபாரடேக்கே கையில் காயம் பட்டது. அமெரிக்காவில், பல உப்புகளை மெதனால் என்ற எரிசாராயத்தில் போட்டுக் கொளுத்தி வானவில் நிறங்களைக் காட்டுகிற ஒரு வேடிக்கை பள்ளிகளில் பிரபலமாக இருந்தது. மாணவர்கள் தீக்காயப்பட்ட விபத்துக்களுக்குப் பிறகு, திறந்த மேஜையில் அதைச் செய்ய வேண்டாம் என்று 2014-ல் அமெரிக்க ரசாயனக் கழகம் கேட்டுக்கொண்டது. அதே நிறங்களை, உப்பில் நனைத்த குச்சியை விளக்குச் சுடரில் காட்டிப் பத்திரமாகப் பார்க்கலாம். கை தட்டல் குறையும், பாடம் குறையாது. வெடியும் புகையும் காட்டி வியக்க வைப்பது மாயாஜாலக்காரன் வேலை. அவன் இரண்டாவது தடவை செய் என்றால் மறுத்துவிடுவான். உபாத்தியாயர் மறுக்கக் கூடாது.

நம் பள்ளிகள் பலவற்றில் சோதனைச் சாலை இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பூட்டு திறக்கிறது. நீலமாக இருந்தால் தாமிர உப்பு, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஸல்ஃபைடு என்று அவசரமாக நெட்டுருப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். மார்க்கோடு வெளியே வருகிறார்கள். கையால் செய்கிற காரியத்தையும் மனப்பாடம் ஆக்கிவிட்ட சாமர்த்தியம் நம்முடையது.

இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்று சொல்கிறவர்களுக்காக ஒரு ஜாபிதா தருகிறேன். கொஞ்சம் மஞ்சள் பொடி, இரண்டு விரற்கடை சுண்ணாம்பு, ஒரு சோடா, ஓர் எலுமிச்சம் பழம், மூன்று மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளர், பட்டறையில் சும்மா கிடைக்கிற ஒரு பிடி அரத்தூள். இவை எந்த ஊரிலும் கிடைக்கும். இவற்றோடு வேண்டியது வாரத்துக்கு ஒரு மணி நேரமும், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லக்கூடிய ஒரு வாத்தியாரும். அந்த ஒரு மணியை அட்டவணையில் ஒதுக்கி, அப்படிச் சொன்ன வாத்தியாரை ஊரார் மட்டமாக நினைக்காமல் இருந்தால் போதும். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.